கன்னத்துக் குழாய்த் தடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பாக்கியம் டீச்சர் தன் வீட்டுக்காரரை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு கன்னத்திலும் பவுடர் போட்டாள். மூக்கிலிருந்து காது வரைக்கும் இரண்டு பக்கமும் ஒரு கோடு ஓடியது. எட்டு மாதமாக ஆக்ஸிஜன் குழாய் அழுத்தி அழுத்தி விழுந்த தடம். முதலில் லேசாகத் தடவிப் பார்த்தாள். தடம் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் எடுத்து அப்பினாள்.

"கல்யாணத்தன்னைக்குக்கூட எனக்கு இவ்வளவு போடலையே," என்றார் தங்கத்துரை.

"பேசாம இருங்க. மூச்சு வாங்கும்."

"எதுக்குட்டி இது?"

"பாக்கவங்க ஆளாளுக்குக் கேப்பாங்க. பதில் சொல்லி முடியாது."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. பேசினால் மூச்சு வாங்கும் என்பது உண்மைதான். ஆனால் கேட்காமல் விட்டதற்கு அது மட்டும் காரணமில்லை. முப்பத்திரண்டு வருஷமாக அவளோடு குடும்பம் நடத்துகிறவர்.

அன்னபாக்கியம் பிறந்தது சுரண்டை. வாழ்க்கைப்பட்டது தென்காசி. முப்பத்தோரு வருஷம் பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சத்துமாவை எடுத்துத் தின்றுவிட்டு உதட்டோரம் மாவோடு நின்று "நான் திங்கலை டீச்சர்" என்கிற பிள்ளைகளை அவள் அடித்ததில்லை. கண்ணாடி முன்னால் கொண்டுபோய் நிறுத்துவாள், அவ்வளவுதான். அதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. நல்ல குரல். சபையில் பாட்டு எடுத்துக் கொடுப்பதும் அவள்தான்.

தங்கத்துரை செங்கோட்டையில் மர அறுவை மில்லில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தார். பீடி கையில் தொட்டதில்லை. ஆனால் ராத்திரி தலையணையை உதறினால் மரத்தூள் விழும். போன அக்டோபர் மழையில் ஒரு நாள் பாத்ரூமிலிருந்து கட்டிலுக்கு வர முடியாமல் நடுவழியில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். சபையில் மூன்று வெள்ளிக்கிழமை அவருக்காக உபவாசம் இருந்து ஜெபம் பண்ணினார்கள். ஆள் தேறினார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "நுரையீரல் பழசாப் போச்சும்மா. ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரமாவது ஆக்ஸிஜன் வேணும். இனிமே இது அவருக்குச் சாப்பாடு மாதிரி," என்றார்.

மெஷினுக்கு எங்கே போக என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த சாயங்காலம் எதிர்வீட்டுத் துல்கர்னைன் தன் ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் ஒன்றை நிறுத்திக் கொண்டுவந்து இறக்கினான். செல்போன் கடை வைத்திருக்கிறவன். அவன் தாயார் சைதூன் பீவி கடைசி ஒன்றரை வருஷம் அந்த மெஷினில்தான் இருந்தார்கள்.

"உம்மா போனதுல இருந்து கட்டிலுக்கடியில சும்மா கிடக்கு டீச்சர். ஓடாமக் கிடந்தா கெட்டுப்போகும்," என்றான், ஏதோ தனக்கு உதவி கேட்பதுபோல.

"இதுக்குள்ள ஆக்ஸிஜன் நிரப்பி வச்சிருக்கா தம்பி? தீந்துட்டா என்ன செய்ய?"

"நிரப்புறதுல்லாம் கிடையாது. இந்த ரூம்ல இருக்க காத்தைத்தான் இழுக்குது. நூத்துல இருபத்தொரு பங்கு ஆக்ஸிஜன் நம்ம காத்துலயே இருக்கு. மிச்சத்தை உள்ள இருக்க மணல் மாதிரி ஒண்ணு பிடிச்சு நிறுத்திக்கிடும். சல்லடைன்னு வச்சுக்கோங்களேன். சலிச்சது இந்தத் தண்ணி பாட்டில்ல குமிழி விட்டு ஈரமா மூக்குக்கு வரும். கரண்டு மட்டும் போகக் கூடாது. போச்சுன்னா எனக்குப் போன் அடிங்க, சின்ன சிலிண்டர் ஒண்ணு கடையில வச்சிருக்கேன்."

குழாயை மூக்கில் மாட்டிக் கால் மணி நேரம் கழித்துத் தங்கத்துரைக்குப் பேச்சு வந்தது. "அப்போ ஆண்டவர் மண்ணைப் பிசைஞ்சு ஆதாம் மூக்குல ஊதின அதே சரக்குதான். நமக்குக் கொஞ்சம் சலிச்சு வருது."

அன்றைக்கு ராத்திரி ஜெபத்தில் அவள் அதையே சொல்லி அழுதாள். ஒரு மனுஷன் ஒரு நாளைக்கு இருபதாயிரம் தடவை மூச்சு விடுகிறானாம். அறுபத்தோரு வருஷம் இவர் வாங்கி வாங்கி விட்டதில் ஒரு மூச்சுக்கும் நாங்கள் நன்றி சொன்னதில்லையே ஆண்டவரே என்று. அந்த அழுகையில் பொய் கிடையாது.

ஆனால் சபைக்காரர்கள் ஜெபம் பண்ண வீட்டுக்கு வந்தபோது மெஷினை உள் அறைக்குத் தள்ளித் திரையை இழுத்து விட்டாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவர்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு சாட்சி நேரம். ஒவ்வொருவராக வந்து மைக் பிடித்து ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும். டாக்டர் கொடுத்த மாத்திரையில் காய்ச்சல் விட்டது என்று சொன்னால் ஒரு ஸ்தோத்திரம் வரும். மாத்திரை இல்லாமலே விட்டது என்று சொன்னால் தகரக் கூரை அதிரும். மூன்று வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்தவர்களுக்கு ஒரு மெஷினைக் காட்ட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. வந்த விருந்தாளிக்கு முன்னால் கிழிந்த பாயை விரிக்கிற மாதிரி.

பாஸ்டர் மாதாமாதம் கேட்டார். "சிஸ்டர், பிரதர் சாட்சி எப்போ?" ஜூனில் வருகிறோம் என்று சொல்லிவிட்டாள். உட்கார்ந்த இடத்தில் அசையாமல் இருந்தால் அவரால் குழாய் இல்லாமல் ஒன்றரை மணி நேரம் தாங்க முடிந்தது. அதை அவள் வீட்டில் நேரம் பார்த்து வைத்திருந்தாள். சபையில் பேசினது யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அந்தச் சமாதானம் நிற்கவில்லை. பவுடர் போடும்போதே பாதிப் பொய் சொல்லியாயிற்று.

சபையில் அவளுக்கு முன்னால் பேசினவருக்குக் கிட்னிக் கல் தானாக வெளியே வந்திருந்தது. அந்த ஆரவாரம் அடங்கும் முன்பே மைக் அவள் கைக்கு வந்தது.

"டாக்டர் கையை விரிச்சிட்டாங்க," என்று ஆரம்பித்தாள். டாக்டர் கையை விரிக்கவில்லை. "சபை முழங்கால் போட்டது. கர்த்தர் தன் சுவாசத்தை எங்க வீட்டுக்காரர் மூக்குல ஊதினாரு. இன்னைக்கு ஒரு குழாய் இல்லாம, ஒரு மெஷின் இல்லாம உங்க முன்னால உக்காந்திருக்காரு."

அத்தனை பேரும் தங்கத்துரையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையைக் கூப்பினார். கூரை அதிர்ந்தது. முன் வரிசையில் ஒரு பையன் செல்போனில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தான். மத்தியானத்துக்குள் அது சபை வாட்ஸ்அப்பில் வந்து, அங்கிருந்து எங்கெங்கோ போனது.

ஆட்டோவில் வீடு திரும்பும்போது அவர் உதடு கறுத்திருந்தது. ஆக்ஸிஜன் அளவு காட்டுகிற கருவியை விரலில் மாட்டிப் பார்த்தால் எண்பத்திரண்டு; தொண்ணூறுக்குக் கீழே இறங்கக் கூடாது. கட்டிலில் சாய்ந்து குழாயை மாட்டியபின் இரண்டு மணி நேரம் கண் திறக்கவில்லை. திறந்ததும் கேட்டார்:

"நீ சொன்னதுல எது உண்மை, தெரியுமா?"

அவள் ஈரத்துணியால் அவர் கன்னத்துப் பவுடரைத் துடைத்தாள்.

"உக்காந்திருந்தேன். அது உண்மை."

புதன்கிழமை சாயங்காலம் சாரல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தபோது மீனா வந்தாள். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் துணி துவைக்கிறவள். சீசன் நேரம், கை இரண்டும் சோப்பில் ஊறி வெளுத்திருந்தது. இரண்டு வருஷமாகச் சபைக்குத் தனியாக வருகிறாள். அவள் புருஷன் நாகராஜன் பெயிண்டர். கொரோனாவில் நெஞ்சு கெட்டுப்போய் அதிலிருந்து வேலைக்குப் போகவில்லை; வாடகைக்கு எடுத்த ஆக்ஸிஜன் மெஷினில் இருந்தான். அவன் சபை வாசலை மிதித்ததில்லை.

"அக்கா, உங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்னு ஓடி வாரேன்," என்றாள் மீனா. "உங்க வீடியோவை அவருகிட்ட காட்டினேன். மூணு தடவை போடச் சொல்லிப் பாத்தாரு. 'தங்கத்துரை அண்ணாச்சிக்கு என் நெஞ்சைவிட மோசம்லா, அவரே இப்படி உக்காந்திருக்காரே'ங்காரு. அவராவே சொல்லுதாரு அக்கா, 'மெஷினைக் கழட்டுட்டி, உங்க சாமி எனக்கும் ஊதட்டும்'னு. நேத்துக் காலையில வாடகைக் கடையில கொண்டு குடுத்துட்டேன். ரெண்டு நாளாச்சு. மெஷின் கிடையாது."

பாக்கியம் அவள் கையைப் பிடித்தாள். "எப்படி இருக்காரு?"

"லேசா இளைப்பு இருக்கு. விசுவாசத்துல உறுதியா இருங்கன்னு சொல்லிருக்கேன்." மீனா தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள். உள் அறையிலிருந்து புஸ்ஸென்று ஒரு சத்தம், அதை அடுத்து டக்கென்று ஒன்று, மறுபடி புஸ். "என்னக்கா அது சத்தம்?"

"பக்கத்து வீட்டு மோட்டாரு," என்றாள் பாக்கியம்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். திரைக்கும் மீனாவுக்கும் நடுவில் நாலு அடி தூரம்தான் இருந்தது. அவள் செய்தது என்னவென்றால், எழுந்து போய் ரேடியோவைப் போட்டாள். மீனா காப்பி குடித்துவிட்டு, "எனக்காக ஜெபம் பண்ணிக்கோங்கக்கா," என்று சொல்லி, குடையை விரித்துக்கொண்டு போனாள்.

திரைக்குப் பின்னாலிருந்து தங்கத்துரை கூப்பிட்டார். "ஏட்டி பாக்கியம். மோட்டாரு எத்தனை ஹெச்.பி.?"

அவள் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"போய்ச் சொல்லிட்டு வா," என்றார்.

"எப்படிங்க சொல்லுவேன்? சபையில என் முகத்துல முழிப்பாங்களா? நாளைக்குப் பாஸ்டர்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லி..."

"நாளைக்கு."

"இன்னைக்கு ஒரு ராத்திரிதானே..."

அவர் காதிலிருந்து குழாயைக் கழற்றினார். மூக்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மெஷின் சும்மா காற்றை விட்டுக்கொண்டிருந்தது. "நானும் அவனை மாதிரி இருக்கேன். நீ போய்ட்டு வார வரைக்கும்."

"கிறுக்குப் பிடிச்சிட்டா உங்களுக்கு? மாட்டுங்க."

"உன் சாட்சியைத்தான் காப்பாத்துதேன்."

அவள் குழாயைப் பிடுங்கி அவர் மூக்கில் வைத்தாள். அவசரத்தில் முதலில் தலைகீழாக வைத்துவிட்டாள். "போறேன். போறேன். கழட்டாதீங்க." பர்ஸைக்கூட எடுக்காமல் செருப்பை மாட்டினாள்.

துல்கர்னைன் கடையில் ஒருவருக்குச் செல்போன் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். அவர் போகும்வரை அவள் ஓரமாக நின்றாள்.

"தம்பி, அந்தச் சின்ன சிலிண்டர் வேணும்."

"கரண்டு போச்சா? அண்ணாச்சிக்கு என்ன?"

"அவருக்கில்ல." எங்கிருந்து தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. "சபையில நான் பேசின வீடியோ..."

"பாத்தேன் டீச்சர். யாரோ அனுப்பியிருந்தாங்க. அண்ணாச்சி தெம்பா உக்காந்திருந்தாங்க."

"உங்க மெஷினைப் பத்தி நான் சொல்லலை."

"ஆமா," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவன் ஏசியிருந்தால் அவள் நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டிருப்பாள். உம்மா படுத்திருந்த கட்டிலுக்கடியிலிருந்து எடுத்துக் கொடுத்ததை, இல்லவே இல்லை என்று மைக்கில் சொன்னவளை அவன் இன்னும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டான். அவள் மீனா வந்ததைச் சொன்னாள், மோட்டார் என்று சொன்னதையும் விடாமல் சொன்னாள். அவன் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு சிலிண்டரைத் தோளில் தூக்கினான்.

மீனா வீடு இலஞ்சி போகிற வழியில். நாகராஜன் கட்டில் விளிம்பில் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. உதடு நாவல்பழ நிறம். மீனா தலையில் முக்காடு போட்டு முழங்காலில் நின்று சத்தமாக ஜெபித்துக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் அவன் சிரிக்கப் பார்த்தான்.

"டீச்சர்... உங்க சாமி... இன்னும் ஊதலை."

பாக்கியம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரரு மெஷின்லதான் இருக்காரு நாகராஜன். எட்டு மாசமா. அன்னைக்குச் சபையில ஒரு மணி நேரம் கழட்டி வச்சிருந்தேன். அவ்வளவுதான்."

மீனா எழுந்தாள். "என்னக்கா சொல்லுதீங்க?"

"மோட்டாருன்னு சொன்னேன்லா. அது அவரு மெஷின்."

"அப்போ நீங்க சபையில சொன்னது பொய்யா?"

"பொய்தான்."

"சாமி பேரைச் சொல்லியா?"

 துல்கர்னைன் இருவரையும் ஒதுக்கிவிட்டு உள்ளே போய்ச் சிலிண்டரைத் திறந்து முகமூடியை நாகராஜன் முகத்தில் வைத்தான். கையோடு கொண்டுவந்த கருவியை விரலில் மாட்டிப் பார்த்தான். எழுபத்து நாலு. வெளியே வந்து நூற்றெட்டுக்குப் போன் செய்தான்.

ஆம்புலன்ஸ் வருவதற்கு இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் மீனா சிலிண்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாக்கியம் நாகராஜன் முதுகைத் தடவிக் கொடுக்கக் கையை நீட்டியபோது மட்டும் அந்தக் கையைப் பிடித்து, முரட்டுத்தனம் இல்லாமல், அப்பால் எடுத்து வைத்தாள். ஸ்ட்ரெச்சர் ஏறியதும் பாக்கியம் கூடவே ஏறப் போனாள்.

"நீங்க வர வேண்டாம்," என்றாள் மீனா.

நாகராஜன் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். முதல் நாலு நாள் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். பாக்கியம் இரண்டாம் நாள் கஞ்சி கொண்டுபோனாள். மீனா வார்டு வாசலில் அவளைக் கண்டதும் திரும்பி உள்ளே போய்விட்டாள். மறுநாள் முதல் பாக்கியம் தூக்குவாளியை நாகராஜனின் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த அம்மாவுக்கு இவள் யாரென்று தெரியாது. "நல்லாருப்பே தாயி," என்று ஒவ்வொரு நாளும் சொன்னார்கள். மீனாவின் முதுகைவிட அதைத் தாங்குவது கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை பாஸ்டருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.  அவர், "வீடியோவை எடுத்துடச் சொல்லுதேன் சிஸ்டர். சபையில சொல்ல வேண்டாமே. புதுசா வாரவங்க விசுவாசம் ஆடிப்போகும்," என்றார்.

"ஏற்கெனவே ஒருத்தன் உசிரே ஆடிட்டு இருக்கு பாஸ்டர்."

"நான்தான் உங்களை மாசாமாசம் சாட்சி கேட்டேன்," என்றார் அவர். "வாங்க. மைக் தாரேன்."

மறுநாள் மைக்கில் அவள் அதிகம் பேசவில்லை. எழுதி எடுத்துப்போன தாளைப் பார்க்கவும் இல்லை. போன வாரம் சொன்னது பொய், எங்கள் வீட்டுக்காரர் மெஷின் வைத்துத்தான் மூச்சு விடுகிறார், எதிர்வீட்டுத் துல்கர்னைன் தந்த மெஷின், அவர் தாயார் வைத்திருந்தது என்றாள். "அந்த மெஷின் காத்தை உண்டாக்கலை. காத்து அவரு தந்தது. இருக்கவனுக்கும் இல்லாதவனுக்கும், சபைக்கு வாரவனுக்கும் வராதவனுக்கும் ஒரே மாதிரி தந்திருக்காரு. நம்மால இழுக்க முடியாதப்போ சலிச்சுத் தர ஒரு சல்லடையையும் தந்தாரு. சல்லடை இருக்குன்னு சொல்ல நான் வெக்கப்பட்டேன். என் பொய்யை நம்பி ஒருத்தர் மெஷினைக் கழட்டிட்டாரு. ஆஸ்பத்திரியில கிடக்காரு. அவருக்காக ஜெபம் பண்ணுங்க. யாரும் மெஷினைக் கழட்டாதீங்க."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் கேட்டது. அவள் மைக்கை வைத்துவிட்டு, வழக்கமான முன் வரிசைக்குப் போகாமல், செருப்புகள் கிடந்த வாசல் பக்கம் போய் உட்கார்ந்தாள். அடுத்த பாட்டை வேறொருத்தி எடுத்துக் கொடுத்தாள். சுருதி சேரவில்லை.

ஆராதனை முடிந்து குடையைத் தேடிக்கொண்டிருந்தபோது வேல்விழி என்கிற அக்கா பக்கத்தில் வந்து, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "அந்த மெஷினை எடுத்த எடுப்புல எத்தனையில வைக்கணும் டீச்சர்? எங்க கொழுந்தன் ஒண்ணு வச்சிருக்காரு. ஜெபத்துக்கு ஆள் வந்தா நாங்களும் கட்டிலுக்கடியில தள்ளிருவோம்."

"டாக்டர் எழுதித் தந்ததுல வைக்கணும்," என்றாள் பாக்கியம். "இனிமே தள்ளாதீங்க."

வீடியோவைச் சபை வாட்ஸ்அப்பில் அழித்துவிட்டார்கள். ஆனால் போன இடத்திலிருந்து அது திரும்பி வரவில்லை. கடையநல்லூரிலிருந்து ஒரு தெரியாத அம்மா போன் செய்து, "உங்க சாட்சியைக் கேட்டு அழுதுட்டேன் சிஸ்டர்," என்றாள். வந்த ஒவ்வொரு போனுக்கும் பாக்கியம் முதலிலிருந்து சொன்னாள். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருத்தர் ஏசினார். சிலர் பாதியில் வைத்துவிட்டார்கள்.

நாகராஜன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று துல்கர்னைன்தான் சொன்னான். வாடகைக் கடையில் வேறு மெஷின் கிடைத்திருந்தது. மீனா சபைக்கு வரவில்லை. பாக்கியம் அவளுக்குப் போன் செய்யவில்லை. செய்ய நினைத்த நாளெல்லாம் பெயரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது மீனாவே கூப்பிட்டாள்.

"தண்ணி பாட்டில்ல குமிழி வரலை," என்றாள். அக்கா இல்லை, டீச்சர் இல்லை.

"மெஷின் ஓடுதா?"

"ஓடுது."

"அவரு எப்படி இருக்காரு?"

"அதைக் கேக்கலை. குமிழி வரலை."

"பாட்டில் மூடியைக் கழட்டித் திரும்பப் போடு. மரை ஏறாம கோணலா மூடினா காத்து ஓரம் வழியாப் போயிரும். நேரா வச்சுத் திருகு. தண்ணி கோட்டுக்கு மேல இருக்கக் கூடாது."

போன் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் திருகுகிற சத்தம். தோசை கருகியது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு போனில், தூரத்தில், தண்ணீர் கொதிப்பது போல ஒரு சத்தம் ஆரம்பித்தது.

"வருது," என்றாள் மீனா.

"சரி."

மீனா உடனே வைக்கவில்லை. இரண்டு மூன்று விநாடி அப்படியே இருந்தது. பிறகு வைத்துவிட்டாள்.

உள்ளேயிருந்து தங்கத்துரை கேட்டார். "யாருட்டி?"

"மீனா."

"என்ன சொல்லுதா?"

"குமிழி வருதாம்," என்றாள் பாக்கியம், கருகின தோசையைச் சுரண்டி எடுத்துக்கொண்டே.